கூடினால் ஒளிருமா, அடங்கினால் ஒளிருமா?

2015ல் கெமிக்கல் ரிவ்யூஸ் இதழில் ஒரு மீள்பார்வைக் கட்டுரை வந்தது. 11718ஆம் பக்கத்தில் ஆரம்பித்து 11940ஆம் பக்கத்தில் முடிகிறது. கட்டுரைன்னு சொல்றதைவிட புத்தகம்னே சொல்லிடலாம். எழுதினவர்கள் ஐந்து பேர். கடைசிப் பெயர் பென் சோங் டாங், இந்தத் துறைக்கே பெயர் வைத்தவர். தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'திரட்சியால் தூண்டப்படும் ஒளிர்வு: சேர்ந்து ஒளிர்வோம், ஒன்றுபட்டு உயர்வோம்!' ஆச்சரியக்குறி நான் போட்டது இல்லை, மூலத்திலேயே இருக்கு. தொழிற்சங்க மாநாட்டு பேனரில் எழுத வேண்டிய வாசகம் வேதியியல் இதழுக்கு எப்படி வந்ததுன்னு சிரிச்சுட்டுத்தான் படிக்க ஆரம்பிச்சேன்.

படிச்சு முடிச்சப்போ சிரிப்பு போயிடுச்சு. அந்த வாசகம் வெறும் அலங்காரம் இல்லை. துறையின் பெயரிலேயே இருக்கிற ஒரு கோணலை அது அப்படியே காட்டுது. அந்தக் கோணல் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் விஷயம் என்னன்னு பார்த்துடுவோம். ஒளிரும் சாயங்களில் பெரும்பாலானவை தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ மிகக் கொஞ்சமாகக் கரைந்திருக்கும்போதுதான் நன்றாக ஒளிரும். ஃப்ளோரசீனை எடுத்துக்கோங்க. ஒரு சிட்டிகை போட்டால் ஒரு வாளித் தண்ணீரும் பச்சையாகப் பளபளக்கும். அதே ஃப்ளோரசீன் பாட்டிலுக்குள் பொடியாக இருக்கும்போது செங்கல்தூள் மாதிரி மங்கலா கிடக்கும். காரணம், தட்டையான மூலக்கூறுகள் தோசை அடுக்கு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. ஒரு மூலக்கூறு விழுங்கின ஒளியாற்றல் பக்கத்தில் இருப்பதற்குக் கைமாறி, கடைசியில் வெப்பமாகப் போய்விடுகிறது. இதைத் திரட்சியால் அணைதல் என்கிறார்கள். காட்சித்திரை செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி, ஏன்னா திரையில் சாயம் திடப் படலமாகத்தான் இருக்கணும்.

2001ல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாங் குழு இதற்கு நேர் எதிரான ஒன்றை வெளியிட்டது. சிலிக்கான் அணு ஒன்று சேர்ந்த ஐந்து மூலை வளையம், அதைச் சுற்றி ஐந்து ஃபீனைல் வளையங்கள். சைலோல் வகை. இதை எத்தனாலில் கரைத்தால் கிட்டத்தட்ட இருட்டு. விழுங்கின பத்தாயிரம் ஃபோட்டானில் ஆறு ஏழுதான் ஒளியாகத் திரும்பி வருது. தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனால், தண்ணீரில் கரையாத இந்த மூலக்கூறு நுண்திரள்களாகக் கட்டிக்கொள்ளும். 90 சதவீதம் தண்ணீர் ஆகும்போது நூற்றுக்கு 21 ஃபோட்டான் திரும்ப வருது. 300 மடங்குக்கு மேல் ஏற்றம். இது கண்ணில் பட்டதே மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தகட்டில்தான். புற ஊதா விளக்கின் கீழே ஈரமான புள்ளி தெரியலை, காய்ந்த பிறகு தெரிஞ்சது. பல ஆய்வகங்களில் பல பேர் இதைப் பார்த்துட்டு 'ஏதோ தப்பு'ன்னு தகட்டைக் குப்பையில் போட்டிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. போடாமல் யோசித்ததற்கு அந்தக் குழுவுக்கு முழு மதிப்பெண்.

காரணத்தையும் அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். ஃபீனைல் வளையங்கள் மையத்தோடு ஒற்றைப் பிணைப்பில் தொங்குகின்றன, மின்விசிறியின் இறக்கைகள் மாதிரி. கரைசலில் தாராளமாக இடம் இருப்பதால் இறக்கைகள் ஆடுகின்றன, சுழல்கின்றன. வாங்கின ஆற்றல் அந்த ஆட்டத்திலேயே செலவாகிடுது. திரள் ஆனதும் ஆட இடம் இல்லை. ஆற்றல் வெளியேற மிச்சம் இருக்கிற வழி ஒளி மட்டும்தான். தோசையை அடுக்கலாம், விசிறியை அடுக்க முடியாது. அதனால் இறுக்கமாகக் கூடினாலும் தட்டைச் சாயங்களுக்கு வரும் அணைதல் இவற்றுக்கு வருவதில்லை.

இவ்வளவும் சரி. இந்த விளக்கத்தை இன்னொரு தடவை மெதுவாகப் படிச்சுப் பாருங்க. ஒளிர்வுக்குக் காரணம் என்ன? ஆட்டம் நின்றது. கூட்டம் என்பது ஆட்டத்தை நிறுத்த ஒரு வழி. நெரிசலான பஸ்ஸில் கையைக் காலை அசைக்க முடியாது, உண்மைதான். ஆனா காலியான காரில் சீட் பெல்ட் போட்டாலும் அசைய முடியாது. அசையாமல் இருந்ததுக்குக் கூட்டத்தைப் பாராட்டி 'ஒன்றுபட்டு உயர்வோம்'னு எழுதினா எப்படி?

இதை நான் புதுசா சொல்லலை. அவர்கள் செய்த சோதனைகளே இதைத்தான் சொல்லுது. தண்ணீரே சேர்க்காமல், திரளே உண்டாகாமல், கரைசலைக் கிளிசரால் விட்டுக் கெட்டியாக்கினாலும் ஒளிர்வு ஏறுது. குளிர்வித்தாலும் ஏறுது. ஃபீனைல் வளையங்களுக்குப் பக்கத்தில் பருமனான ஐசோபுரோப்பைல் தொகுதிகளைச் செருகி அசைவைத் தடுத்தால், அந்த மூலக்கூறு கரைசலிலேயே, தனியாகவே ஒளிருது. அப்புறம் 2014ல் சுழலவே இடமில்லாத, வளையங்கள் பாலம் போட்டுக் கட்டப்பட்ட ஒரு மூலக்கூறும் இதே குணத்தைக் காட்டிச்சு. அது சுழலாது, புத்தகத்தை மூடித் திறக்கிற மாதிரி மடங்கி விரியும். அதனால் 'சுழற்சித் தடை' என்ற விளக்கம் 'உள்ளசைவுத் தடை' என்று விரிவாச்சு. இதெல்லாம் நேர்மையான, நல்ல அறிவியல். விளக்கம் திருந்திச்சு. பெயர் திருந்தலை.

இந்த வாதத்துக்கு என்னைப் பொறுத்தவரை மிக வலுவான சாட்சி வெளியிலிருந்து வந்தது. 2011ல் எம்ஐடியில் மிர்சியா டின்கா குழு டெட்ராஃபீனைல்எத்திலீனை எடுத்தது. இந்தத் துறையின் செல்லப் பிள்ளை இது: நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு, நான்கு பக்கமும் ஃபீனைல். பென்சோஃபீனோனில் இருந்து ஒரே படியில் செய்துவிடலாம், அதனால் எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். இதன் முனைகளில் கைகள் ஒட்டி, உலோக அயனிகளோடு கோர்த்து ஒரு சட்டகமாகக் கட்டினார்கள். சாரம் கட்டுற மாதிரி. சட்டகத்தில் ஒரு மூலக்கூறின் ஃபீனைல் வளையம் அடுத்ததன் ஃபீனைலோடு நெருங்கி உரசாது, இடையில் வெற்றிடம் இருக்கு. திரட்சின்னு சொல்ல முடியாது. ஆனாலும் ஒளிர்ந்தது, இரண்டு முனையிலும் பிடிச்சுக் கட்டியிருக்கே. அவர்கள் தலைப்பிலேயே இதைத் திரட்சித் தூண்டலுக்கு 'ஒரு மாற்று' என்று போட்டார்கள். எனக்கு இது மாற்றாகத் தெரியலை. மூல காரணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டின சோதனையாகத்தான் தெரியுது.

என் தொழிலில் இதுக்கு ஒரு இணை உண்டு. பிழை ஒன்றுக்கு அது முதலில் எங்கே தென்பட்டதோ அந்தப் பெயரை வைத்துவிடுவோம். 'லாகின் பக்கப் பிழை'. ரெண்டு வாரம் கழிச்சு அது டேட்டாபேஸ் இணைப்பில் இருந்து வருதுன்னு தெரியும். ஆனா டிக்கெட்டின் பெயர் மாறாது. புதுசா சேர்ந்தவர் லாகின் பக்கத்தையே நோண்டிக்கொண்டிருப்பார்.

சரி, பெயரில் என்ன இருக்குன்னு கேட்கலாம். ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்று வரலாறு, இன்னொன்று பயன்பாடு.

வரலாற்றை இந்தத் துறை சொல்லும் விதம் ஒரு திரைக்கதை மாதிரி. 1954ல் ஃபார்ஸ்டரும் காஸ்பரும் பைரீன் கரைசலின் செறிவை ஏற்றினால் ஒளிர்வு குறைகிறது என்று கண்டார்கள். அதிலிருந்து அரை நூற்றாண்டு எல்லோரும் 'திரண்டால் அணையும்' என்றே நம்பினார்கள். 2001ல் அது தலைகீழானது. விறுவிறுப்பா இருக்கு, ஆனா பைரீன் கதை அப்படி இல்லை. செறிவு ஏறினால் பைரீனின் ஊதா நிற ஒளிர்வு மங்கும், அதே சமயம் நீலப் பச்சையாக, அகலமாக, புதிய ஒளிர்வு ஒன்று தோன்றும். கிளர்ந்த ஒரு பைரீன் கிளராத இன்னொன்றோடு ஜோடி சேர்ந்து தரும் ஒளி அது. எக்சிமர் என்று பிறகு பெயர் வந்தது. ஃபார்ஸ்டரும் காஸ்பரும் தங்கள் ஜெர்மன் தலைப்பில் போட்ட சொல்லுக்கு அணைதல்னு அர்த்தம் இல்லை, மாறிவிடுதல்னு அர்த்தம். ரெண்டு பேர் சேர்ந்ததால் வேறு நிறத்தில் ஒளிர்ந்த ஒரு கதையை, சேர்ந்ததால் அணைந்த கதைக்கு முதல் சாட்சியாக நிறுத்தியிருக்காங்க. வேடிக்கைதான்.

எதிர்ப்பக்கம் சாட்சிகளும் முன்பே உண்டு. 1853லேயே ஜார்ஜ் ஸ்டோக்ஸ் பிளாட்டினம் சயனைடு உப்புகளின் படிகம் ஒளிர்கிறது, கரைசல் ஒளிரவில்லை என்று குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்து பேரியம் உப்பு பூசிய அட்டைதான் 1895ல் ரான்ட்ஜனின் இருட்டறையில் ஒளிர்ந்து எக்ஸ் கதிரைக் காட்டிக்கொடுத்தது. 1936ல் ஜெல்லியும் அதையொட்டி ஷைபெயும், சயனின் வகைச் சாயம் ஒன்று கரைசலில் திரண்டதும் கூர்மையாக ஒளிர்வதைத் தனித்தனியாகக் கண்டார்கள். ஜெல்லி வேலை பார்த்தது கோடக் நிறுவனத்தில். அந்தத் திரள்களுக்கு இன்றும் அவர் பெயரின் முதல் எழுத்துதான் பெயர். டாங் குழுவின் மீள்பார்வைகள் முன்னோர்களை மறைக்கின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனா அடிக்குறிப்பு எண்ணாக நிற்பதும் கதையில் பாத்திரமாக வருவதும் ஒன்றில்லை.

பிளாட்டினம் உப்பிலும் சயனினிலும் நடப்பது வேற இயக்கம், இறக்கை ஆட்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இறக்கை ஆட்டத்துக்கே நேரடி முன்னோடி வேண்டும் என்றால் ஆரமீன் ஓ இருக்கு. மஞ்சள் சாயம். இனிப்புகளில் தடையை மீறிக் கலந்து உணவுப் பாதுகாப்புத் துறையிடம் மாட்டிக்கொள்வதும் இதே சாயம்தான். 1956ல் ஆஸ்டர், நிஷிஜிமா என்ற இருவர் ஒரு கட்டுரை போட்டார்கள். ஆரமீன் ஓ தண்ணீரில் ஏறக்குறைய ஒளிர்வதில்லை, கெட்டியான திரவத்தில் ஒளிர்கிறது, காரணம் மூலக்கூறின் உட்பகுதிகள் சுழல்வது தடைப்படுவது. தலைப்பிலேயே ஒளிர்வு, உட்சுழற்சி, பாகுநிலை மூன்றும் இருக்கு. 2001 விளக்கத்தின் சாரம் 45 வருஷம் முன்பே அச்சில் இருந்திருக்கு. இப்படிப்பட்ட சாயங்களுக்கு 'மூலக்கூறு சுழலி' என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயர் காரணத்தைச் சொல்லுது, இடத்தைச் சொல்லலை. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

ஆரமீன் ஓ நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வகங்கள் வரைக்கும் வந்திருக்கிற சாயம். காசநோய் சளிப் பரிசோதனையில் பாக்டீரியாவை ஒளிரவைப்பது இதுதான். எல்இடி விளக்கு பொருத்திய ஒளிர்வு நுண்ணோக்கியைப் பரிந்துரைத்து உலக சுகாதார நிறுவனம் 2011ல் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. பழைய முறையைவிடக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கலாம், அதனால் ஒரே பார்வையில் அதிக இடம் தெரியும், ஆய்வக நுட்புநர் ஒரு சிலைடுக்குச் செலவிடும் நேரம் குறையும். அங்கே பின்னணி இருட்டாக இருப்பதற்கு அமில ஆல்கஹால் கழுவலும் பெர்மாங்கனேட்டும்தான் பெரும் பங்கு, எல்லாப் புகழும் உட்சுழற்சித் தடைக்குன்னு நான் சொல்ல வரலை. ஆனா பிடிபட்டால் ஒளிரும் ஒரு சாயம், எந்தப் புதுப் பெயரும் இல்லாமல் பல வருஷமா வேலை பார்த்துக்கிட்டு இருக்கு.

இதே குடும்பத்தில் தயோஃப்ளேவின் டி. 1959ல் இருந்து அமிலாய்டு புரத இழைகளைக் கண்டுபிடிக்கப் பயன்படுது. தண்ணீரில் ரெண்டு பாதியும் முறுக்கி ஆடும், ஒளிராது. இழையின் பள்ளத்தில் ஒட்டினதும் அடங்கி ஒளிரும். திரண்டிருப்பது புரதம், சாயம் தனித்தனியாகத்தான் ஒட்டியிருக்கு. 2008 நோபல் பரிசு பெற்ற பச்சை ஒளிர் புரதமும் அப்படியே. அதன் நடுவில் இருக்கும் நிறமியை மட்டும் தனியாகச் செய்து தண்ணீரில் விட்டால் அறை வெப்பநிலையில் ஒளிராது. உறையவைத்தால் ஒளிரும். புரதப் பீப்பாய்க்குள் பிடிபட்டிருக்கும்போதும் ஒளிரும். ஒரு பீப்பாய்க்கு ஒரு நிறமி. கூட்டமே கிடையாது.

பெயரால் வந்த நஷ்டம் வரலாற்றோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பயன்பாட்டுக் கட்டுரைகள்தான் என்னைச் சோர்வடைய வைக்குது.

ஒரு மாதிரிக் கட்டுரையை நீங்களே மனசில் எழுதிப் பாக்கலாம். டெட்ராஃபீனைல்எத்திலீனோடு ஏதாவது ஒன்றை ஒட்டு. டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரை. தண்ணீரை 0, 10, 20 என்று 99 சதவீதம் வரை ஏற்று. புற ஊதா விளக்கின் கீழே பத்துக் குப்பிகளை வரிசையாக வைத்து ஒரு புகைப்படம் எடு. முதல் குப்பி இருட்டு, கடைசி தீபாவளி. கரைசலில் இருந்ததைவிட இத்தனை மடங்கு என்று ஒரு எண் கொடு. கடைசியில் ஒரு பகுப்பாய்வுப் பயன், பெரும்பாலும் பிக்ரிக் அமிலத்தைக் கண்டறிதல்.

அந்த 'இத்தனை மடங்கு' எண்ணை முதலில் எடுத்துக்குவோம். திரளின் ஒளிர்வைக் கரைசலின் ஒளிர்வால் வகுத்தால் கிடைப்பது அது. வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கினால் விடை எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். கரைசலில் 0.05 சதவீதமும் திரளில் 10 சதவீதமும் ஒளிரும் சாயத்துக்கு 200 மடங்கு. கரைசலில் 30, திரளில் 90 என்று இருக்கும் சாயத்துக்கு 3 மடங்கு. திரையோ விளக்கோ செய்யப் போகிறவர் எதை எடுப்பார்? ரெண்டாவதைத்தான். ஆனா கட்டுரையின் சுருக்கத்தில் மின்னுவது முதலாவது. செயல்திறன் சோதனையில் மெதுவான பழைய பதிப்போடு ஒப்பிட்டு '200 மடங்கு வேகம்' என்று போடும் வித்தையை எங்கள் துறையில் தினமும் பார்க்கிறோம். கரைசலில் இருட்டாக இருப்பது ஒரு உணரிக்கு நல்ல குணம், ஏன்னா பின்னணி இல்லாமல் சமிக்ஞை தெரியும். விளக்குக்கு அது ஒரு குணமே இல்லை. ரெண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பது சரியில்லை.

இன்னொன்று, அந்தத் திரள் என்பது ஒரு பொருள் இல்லை. தண்ணீரைக் கரைசலில் ஊற்றுகிறோமா, கரைசலைத் தண்ணீரில் ஊற்றுகிறோமா, எவ்வளவு வேகமாகக் கலக்குகிறோம், எத்தனை நிமிஷம் கழித்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து துகளின் அளவும் மாறும், படிகமா ஒழுங்கற்றதா என்பதும் மாறும். பல சாயங்களில் 90 சதவீதத்தில் உச்சம் வந்து 95ல் இறங்குவதும் அதனால்தான். துகள் பெருசானால் ஒளி சிதறும், சிலது அடியில் படியும், கருவி காட்டுவது குறையும். செய்முறைப் பகுதியில் 'தண்ணீர் சேர்க்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால் அதை இன்னொருவர் எப்படித் திரும்பச் செய்வார்?

இப்போ பிக்ரிக் அமிலம். வெடிபொருள் கண்டறிதல் என்று தலைப்பில் இருக்கும். ஒளிரும் திரளில் பிக்ரிக் அமிலம் சேர்த்தால் ஒளி மங்குது, எலக்ட்ரான் தாவல் நடந்து அணைகிறது என்று விளக்கம். செறிவு ஏற ஏற வரைபடம் நேர்கோடாக இல்லாமல் மேல்நோக்கி வளையும். அதைப் பார்த்ததும் 'அதிபெருக்க அணைப்பு' என்று ஒரு பெயர் வரும். ஆனா பிக்ரிக் அமிலம் மஞ்சள் நிறம். அதாவது புற ஊதாவையும் நீலத்தையும் அது விழுங்குது. தண்ணீரில் அதன் உட்கவர்வு உச்சம் 355 நானோமீட்டர் பக்கம். டெட்ராஃபீனைல்எத்திலீன் வகைகளைக் கிளரவைக்கப் பயன்படுத்தும் ஒளியும் ஏறக்குறைய அந்தப் பகுதிதான். அப்போ பிக்ரிக் அமிலம் சேர்க்கச் சேர்க்க, விளக்கின் ஒளி சாயத்தைச் சேரும் முன்பே வடிகட்டப்படுது. சாயத்துக்கு ஒன்றும் ஆகலை, ஜன்னலில் திரை போட்டிருக்கோம், அவ்வளவுதான். இந்த வடிகட்டல் அடுக்குக்குறி வடிவில் ஏறுவதால் வரைபடம் தானாகவே மேல்நோக்கி வளையும். எந்த அதிபெருக்கமும் தேவையில்லை.

இதைப் பிரித்தறிவது கஷ்டமும் இல்லை. அதே குப்பியின் உட்கவர்வை அளந்து திருத்தம் போடலாம். உட்கவர்வு இல்லாத வேறொரு அலைநீளத்தில் கிளரவைத்துப் பார்க்கலாம். ஒளிர்வின் ஆயுட்காலத்தை அளக்கலாம். ஆனா ஆயுட்காலம் மாறாவிட்டால் மட்டும் தீர்ப்பு சொல்லிட முடியாது, நிலையான இணைவால் அணைந்தாலும் அது மாறாது. திருத்தம் போட்ட பிறகும் அணைப்பு மிச்சம் இருந்தால் அது உண்மை. அந்தத் திருத்தம் இல்லாத கட்டுரையை நான் இப்போது மேலே படிப்பதில்லை. பிக்ரிக் அமிலம் முதல் உலகப்போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டின் வெடிமருந்து. இன்று நிலத்தில் புதைந்து கிடக்கும் கண்ணிவெடிகளில் பெரும்பாலும் டிஎன்டியும் ஆர்டிஎக்ஸும்தான். ஆய்வக அலமாரியில் சுலபமாகக் கிடைக்குது என்பதைத் தவிர அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எனக்குத் தெரியலை.

இத்தனை சொன்ன பிறகு ஒரு கேள்வி நியாயமாகவே வரும்: திரட்சி என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் இடமே இல்லையா? இருக்கு. ஒரு இடத்தில் அது முழுக்கத் தகுதியோடு நிற்குது. செல்லுக்குள் நீண்ட நாள் தடம் பார்ப்பதற்கான ஒளிர்துகள்கள். சாதாரணச் சாயத்தை ஒரு நுண்துகளுக்குள் அடைத்தால் கொஞ்சம்தான் அடைக்க முடியும். அதிகம் அடைத்தால் தோசை அடுக்காகி அணையும். விசிறி வகைச் சாயத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம். அடைக்க அடைக்கப் பிரகாசம் ஏறும். வெளி அடுக்குச் சாயம் ஒளிபட்டுச் சிதைந்தாலும் உள்ளே இருப்பது தாங்கும், அதனால் மணிக்கணக்கில் நுண்ணோக்கியின் கீழே வைத்திருக்கலாம். காட்மியம் கலந்த குவாண்டம் புள்ளிகளுக்கு இது நல்ல மாற்று. இங்கே அசையாமை மட்டும் போதாது. அசையாமலும் இருக்கணும், அடுக்கினாலும் அணையக் கூடாது. ரெண்டாவது நிபந்தனைதான் திரட்சி சம்பந்தப்பட்டது. மீள்பார்வையில் உயிரியல் பகுதியை நான் ரசித்துப் படித்தது அதனால்தான்.

வடிவமைப்புக்கு ஒரு தெளிவான விதியைக் கொடுத்ததும் இந்தத் துறையின் பெரிய கொடை. அதற்கு முன்னால் வேதியியலாளர்கள் தட்டைச் சாயத்தைச் செய்துவிட்டு, பிறகு அதை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரிக்க மெனக்கெட்டார்கள். பருமனான வால், பாலிமர் உறை, என்னென்னவோ. தட்டையாகச் செய்யாதே, விசிறியாகச் செய் என்பது எளிமையான அறிவுரை. மூலக்கூறு சுழலி பற்றி ஆயிரம் கட்டுரை இருந்தும் இப்படி ஒரு சமையல் குறிப்பு அதிலிருந்து வரலை. பெயர் கோணல்தான், ஆனா அந்தப் பெயர் இல்லாமல் இத்தனை பேர் இந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டாங்க. இந்தியாவிலேயே ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் டி.பி.ராதாகிருஷ்ணன் குழு 2004 வாக்கிலேயே, டாங் பக்கமிருந்து வராத வேறொரு மூலக்கூறுக் குடும்பத்தில் திடநிலையில் ஒளிர்வு ஏறுவதைக் காட்டியது. அது ஏன் இந்த அளவுக்குப் பரவலைன்னு யோசித்தால், அதற்கு இப்படி ஒரு கோஷம் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கூட்டத்தைக் காரணமாகச் சொல்லும் பழக்கம் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஒரு உதாரணம் சமீபத்தில் வெளிவந்தது. கார்பசோல் சேர்ந்த படிகங்கள் சில, விளக்கை அணைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியும் நேரம் வரை ஒளிர்ந்துகொண்டே இருக்கும். மூலக்கூறுகள் படிகத்தில் அடுக்கியிருக்கும் விதம்தான் காரணம் என்று நிறையக் கட்டுரைகள் வந்தன. கணிப்புகள், ஆற்றல் படிநிலைப் படங்கள், எல்லாம் பொருந்திச்சு. சிங்கப்பூரில் பின் லியு குழு, கடையில் வாங்கிய கார்பசோலுக்குப் பதில் ஆய்வகத்தில் தாங்களே செய்த கார்பசோலைப் பயன்படுத்திப் பார்த்தது. நீடித்த ஒளிர்வு கிட்டத்தட்டக் காணாமல் போச்சு. விற்பனையில் வரும் கார்பசோலில் அரை சதவீதத்துக்கும் குறைவாக, அதே வாய்பாடும் வேறு அமைப்பும் கொண்ட ஒரு மாற்றியன் கலந்திருக்கு. ஒளிர்வை உண்டாக்குவது அதுதான். இவ்வளவு காலம் அடுக்கின் புகழாக எழுதப்பட்டதில் ஒரு பகுதி கலப்படத்தின் புகழ். கட்டுரை நேச்சர் மெட்டீரியல்ஸில் 2021ல் அச்சானது. பின் லியு திரட்சி ஒளிர்துகள்களில் முன்னணியில் இருப்பவர், வெளியிலிருந்து வந்து குறை சொன்னவர் இல்லை. இந்தத் துறை மேல எனக்கு மரியாதை கூடினது அந்தக் கட்டுரையைப் படிச்ச பிறகுதான்.

இப்போ துறையில் பரபரப்பாக ஓடிக்கொண்டிருப்பது இன்னும் ஒரு படி மேலே. அரோமாட்டிக் வளையமே இல்லாத, ஒளிரவே காரணம் தெரியாத பொருட்கள், மாவுச்சத்து, செல்லுலோஸ், அரிசி கூட, கூட்டமாக இருப்பதாலேயே புற ஊதாவில் ஒளிர்கின்றன என்கிறார்கள். இருக்கலாம். ஆக்சிஜன் அணுக்கள் நெருங்கி அமைந்து எலக்ட்ரான் மேகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற விளக்கம் அபத்தம் இல்லை. ஆனா அரிசியின் செல்சுவரில் ஃபெருலிக் அமிலம் இருக்கு, புற ஊதாவில் அது நீலமாக ஒளிரும் என்பது தாவரவியலாளர்களுக்குப் பழைய செய்தி. புரதமும் இருக்கு. அரை சதவீதத்துக்கும் குறைவான ஒரு பொருள் கார்பசோலில் செய்த வேலையைப் பார்த்த பிறகு, இந்த மாதிரிக் கட்டுரையைத் திறந்தால் நான் முதலில் போவது விளக்கப் பகுதிக்கு இல்லை. செய்முறைக்குப் போய், மாவை எத்தனை முறை கழுவினாங்க, கழுவின பிறகு அளந்தாங்களான்னு பார்க்கிறேன்.